ஐடி ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? அட்வான்ஸ் கட்டும் முன் தென்காசி பெற்றோர் பார்க்க வேண்டியவை

பிளஸ் 2 ரிசல்ட் மே மாதம் வரும். அடுத்த சில வாரங்களில் குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கும். தென்காசிப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் இந்த இரண்டும் ஒட்டியே வருவதுதான் வழக்கம். ஊரே அருவிக்குப் போகிற நேரத்தில், பிளஸ் 2 முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் மட்டும் வேற பேச்சு ஓடிக்கிட்டு இருக்கும்.

"அண்ணாச்சி, மகளுக்கு என்ன குரூப் எடுக்கப் போறீய?"

"ஏதோ ஐடி ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட்னு சொல்லுதா. வெளியூர் காலேஜ்ல இருந்து தினமும் போன் வருது. இந்த வாரமே அட்வான்ஸ் கட்டுனாத்தான் சீட்டுன்னு சொல்லுதாங்க."

டீக்கடையில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சுதான் இது. ஆனால் இதில் இருப்பது ஒரு குடும்பத்தின் பத்து வருஷ வருமானம். அந்தப் பட்டம் உண்மையில் என்ன? அதை எங்கே படிக்கலாம்? அட்வான்ஸ் கட்டும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐடி ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்றால் என்ன?

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் நடக்கும் சாரல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். மேடை ஒரு துறை, பஸ் ஒரு துறை, போலீஸ் பாதுகாப்பு ஒரு துறை, மருத்துவ முகாம் இன்னொரு துறை. எல்லாம் குறிப்பிட்ட தேதிக்குள், ஒதுக்கிய பணத்துக்குள் முடியணும். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டி, அருவியில் குளிக்கத் தடை போட்டால், வந்த கூட்டத்தை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்கணும். இதை எல்லாம் இணைத்துப் பார்க்கிற ஆள்தான் ப்ராஜெக்ட் மேனேஜர்.

மேடைக்கும் பஸ்ஸுக்கும் பதிலாக சாப்ட்வேர், சர்வர், டெஸ்டிங், வாடிக்கையாளர் என்று வைத்துக்கொண்டால் அதுதான் ஐடி ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, யார் எதை எப்போது முடிப்பது என்று திட்டமிடுவது, செலவைக் கட்டுக்குள் வைப்பது, ஆபத்தை முன்பே கணிப்பது, வாடிக்கையாளர் நடுவில் கேட்கும் மாற்றங்களைச் சமாளிப்பது. இவைதான் அன்றாட வேலை.

இது சரியாக நடக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் உண்டு. வருமான வரித்துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7-ம் தேதி திறக்கப்பட்டது. முதல் நாளிலிருந்தே கோளாறு. இரண்டு மாதம் கடந்தும் சரியாகாததால், அதை உருவாக்கிய இன்போசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் நேரில் அழைத்து விளக்கம் கேட்டது. கோடு எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த நிறுவனத்தில் பஞ்சமா என்ன? பெரிய திட்டத்தை எப்போது, எந்த நிலையில் மக்கள் கையில் கொடுப்பது என்பது தனித் திறமை. அதனால்தான் இந்தப் படிப்புக்கு மதிப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பெயரிலேயே பட்டம் இருக்கிறதா?

பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இந்தப் பெயரில் பட்டங்கள் உண்டு. பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு. இந்தியாவில் நிலைமை வேற. இங்கே இது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் கிடைக்கிறது.

ஒன்று, பிஇ, பிடெக் படிப்புக்குள் ஒரு பாடமாக. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்திலேயே சாப்ட்வேர் ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் ஒரு விருப்பப் பாடமாக இருந்தது. இரண்டு, எம்பிஏ படிப்பில் ஒரு பிரிவாக. மூன்று, பிபிஏ அல்லது பிசிஏ பட்டத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கவர்ச்சியான பெயராக.

இந்த மூன்றாவதில்தான் கவனம் வேணும். இந்தியாவில் பல்கலைக்கழகம் இஷ்டத்துக்கு ஒரு பட்டப் பெயரை உருவாக்கிவிட முடியாது. யுஜிசி அறிவித்த பட்டங்களின் பட்டியலில் உள்ள பெயரைத்தான் தர முடியும். பிஇ, பிடெக், பிஎஸ்சி, பிசிஏ, பிபிஏ, எம்பிஏ, எம்சிஏ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே நோட்டீஸில் எவ்வளவு நீளமான பெயர் இருந்தாலும், "கடைசியில் சர்டிபிகேட்டில் என்ன பெயர் வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் பிபிஏ என்றால், உங்கள் பிள்ளை படிக்கப்போவது பிபிஏ. அந்தக் கட்டணம் ஒரு பிபிஏ-வுக்கு நியாயமா என்று யோசியுங்கள்.

2024-25 கல்வியாண்டிலிருந்து பிபிஏ, பிசிஏ, பிஎம்எஸ் படிப்புகளும் ஏஐசிடிஇ அமைப்பின் வரம்புக்குள் வந்துவிட்டன. கல்லூரிக்கு அந்தப் படிப்புக்கான அனுமதி இருக்கிறதா என்று ஏஐசிடிஇ இணையதளத்திலேயே பார்க்கலாம்.

எதற்காக இப்போது இவ்வளவு யோசிக்க வேண்டும்?

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேர், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழப்பார்கள் என்றது. இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை விட, யார் என்பதுதான். பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது.

நடுத்தர நிலை என்றால் யார்? குழுவைக் கவனிக்கிறவர்கள், வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள், வாரம்தோறும் ரிப்போர்ட் தயாரிக்கிறவர்கள். ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பதவி பெரும்பாலும் இருப்பது இந்த அடுக்கில்தான்.

அப்படின்னா இந்தப் படிப்பே வேண்டாமா? அப்படி இல்லை. மீட்டிங் குறிப்பு எழுதுவது, தேதி நினைவூட்டுவது, ரிப்போர்ட் தொகுப்பது போன்ற வேலைகளை ஏஐ கருவிகள் இப்போதே செய்கின்றன. அதை மட்டும் செய்துகொண்டிருந்தவர்களுக்குச் சிக்கல். ஆனால் "இந்தத் தேதிக்குள் முடியாது, ஏன் முடியாது என்றால்..." என்று வாடிக்கையாளரிடம் தொழில்நுட்பம் தெரிந்து பேசுகிற ஆள் தேவைதான். அவருக்குக் கோடு புரியணும், டேட்டாபேஸ் புரியணும், பிசினஸும் புரியணும்.

இன்னொரு விஷயம். 21 வயதில் பட்டம் வாங்கியவுடனே யாரையும் ப்ராஜெக்ட் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். டெவலப்பராகவோ, டெஸ்டராகவோ, பிசினஸ் அனலிஸ்டாகவோ சில வருஷம் வேலை பார்த்த பிறகுதான் அந்த இடம். அதனால் இளநிலையிலேயே மேனேஜ்மெண்டை மட்டும் படித்து, தொழில்நுட்பத்தைக் கைவிட்டால், முதல் வேலைக்கான இன்டர்வியூவிலேயே தடுமாற வேண்டி வரும்.

மத்தளம்பாறை என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருப்பது ஊரறிந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் இங்கேயே குடிவந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் தென்காசியில் இருந்து உருவானது. அதே நிறுவனம் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் என்ற பெயரில் ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் மென்பொருளையே உலகம் முழுக்க விற்கிறது.

அந்த நிறுவனம் சுமார் இருபது ஆண்டுகளாக நடத்திவரும் ஜோஹோ பள்ளிகளில் பிளஸ் 2, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகையும் உண்டு. தென்காசியிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. பட்டம் இல்லாமலும் நல்ல சாப்ட்வேர் வேலை பார்க்கலாம் என்பதற்கு இது கண்ணெதிர் சாட்சி.

ஆனால் இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. அங்கே இடங்கள் குறைவு, தேர்வு கடினம். முடிப்பவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காது. பின்னால் டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுதணும், வங்கித் தேர்வு எழுதணும், வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகணும் என்றால் பட்டம் தேவை. எனவே ஜோஹோ பள்ளிக்கு விண்ணப்பிப்பது நல்ல முயற்சிதான். அதை நம்பி கவுன்சலிங் விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

கல்லூரியா, பல்கலைக்கழகமா? பட்டம் யார் தருகிறார்கள்?

"நல்ல யுனிவர்சிட்டி" என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது கல்லூரியில். பட்டம் தருவது அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். இதில் நான்கு வகை உண்டு.

முதலாவது, மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1990-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் தென்காசி - திருநெல்வேலி சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம்.

இரண்டாவது, தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும்.

மூன்றாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இவை சொந்தமாகப் பட்டம் தரும். மாநில அரசின் பொறியியல் கவுன்சலிங்கில் இவை வராது. கட்டணமும் அவர்கள் நிர்ணயிப்பதுதான். நம் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் இந்த வகை.

நான்காவது, தனியார் பல்கலைக்கழகங்கள். வெளிமாநிலங்களில் நிறைய. யுஜிசி இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதே தளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது. பெயரை அடித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

இதில் இன்னொரு நுணுக்கம். "பிரபல ஐடி நிறுவனத்துடன் இணைந்து வழங்கும் பட்டம்" என்று சில இடங்களில் விளம்பரம் பார்க்கலாம். நிறுவனம் பயிற்சி கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் பட்டம் தரும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குத்தான் என்று 1956-ம் ஆண்டின் யுஜிசி சட்டம் சொல்கிறது. சேர்த்துவிடுகிற நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல், பட்டத்தில் கையெழுத்துப் போடுகிற பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேளுங்கள். கூடுதலாகப் பயிற்சிக் கட்டணம் என்று வாங்கினால் அது எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

பக்கத்தில் என்ன வாய்ப்பு இருக்கிறது?

தென்காசி, 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலை, அறிவியல் படிப்புக்கு உள்ளூரிலேயே வழி உண்டு. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, சுரண்டையில் காமராஜர் அரசு கலைக் கல்லூரி ஆகியவை பல வருஷமாக இயங்குகின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணமும் மிகக் குறைவு.

அரசுப் பொறியியல் கல்லூரி என்றால் திருநெல்வேலிக்குத்தான் போகணும். 1981-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும், அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகமும் அங்கே இருக்கின்றன. இவற்றுக்குக் கவுன்சலிங் வழியாக மட்டுமே சேர்க்கை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான் கட்-ஆப் கணக்கிடுவார்கள்.

உள்ளூர்க் கல்லூரியில் பிசிஏ அல்லது பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-ல் யுஜிசி அனுமதித்தது. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை. அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். வகுப்பு ஆன்லைனில், தேர்வு நேரில். பகலில் கல்லூரி, மாலையில் இது என்று படிக்கிற பிள்ளைகள் உண்டு. சுலபம் இல்லை. வாரம்தோறும் அசைன்மெண்ட் இருக்கும். ஆனால் குற்றாலத்தில் வீட்டில் இருந்துகொண்டே ஐஐடி பாடத்தைப் படிக்க முடியும் என்பது பத்து வருஷத்துக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

கல்லூரியின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாக் தரச்சான்று, என்பிஏ தரச்சான்று இரண்டும் ஒன்றல்ல. நாக் என்பது மொத்தக் கல்லூரிக்கும் தருவது. என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. கல்லூரிக்கு "என்பிஏ இருக்கு" என்று சொன்னால், "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்கா, எந்த வருஷம் வரைக்கும்?" என்று கேட்கணும். மெக்கானிக்கலுக்கு வாங்கிய சான்றை வாசலில் மாட்டியிருக்கலாம்.

அடுத்தது பிளேஸ்மெண்ட். பேனரில் ஒரு மாணவர் வாங்கிய அதிகபட்ச சம்பளத்தைத்தான் போடுவார்கள். அது உங்களுக்கு உதவாது. மீடியன் சம்பளத்தைக் கேளுங்கள். நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. என்ஐஆர்எப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், எத்தனை பேர் குறித்த காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் என்ன என்று சமர்ப்பித்த விவரங்களைப் பொதுவில் பார்க்கலாம். போனில் கேட்ட வாக்குறுதியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஆசிரியர்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது என்பதுதான் அந்தப் புகார். அண்ணா பல்கலைக்கழகமும் இதை விசாரித்தது. ஆக, இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்ப முடியாது. கல்லூரிக்கு நேரில் போய், கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். "தம்பி, போன செமஸ்டர்ல டேட்டாபேஸ் யாரு எடுத்தா? நடுவுல ஆள் மாறுனாங்களா? லேப் எத்தனை மணி நேரம் கிடைக்குது?" இந்த மூன்று கேள்வி போதும்.

அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தோறும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. இரண்டு, மூன்று செமஸ்டரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கல்லூரி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று புரிந்துவிடும்.

செலவுக் கணக்கு என்ன?

2017-ல் தமிழக அரசின் கட்டண நிர்ணயக் குழு, தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், என்பிஏ சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000 ரூபாய். இதை அடிப்படையாக வைத்துப் பார்த்தால் நான்கு வருஷத்துக்கு ஒரு பக்கம் 2,20,000 ரூபாய், இன்னொரு பக்கம் 3,48,000 ரூபாய். ஹாஸ்டல், பஸ், தேர்வுக் கட்டணம் தனி. நடப்பு ஆண்டுக்கான தொகையைக் கவுன்சலிங் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்டால் அதற்குப் பெயர் கட்டணம் இல்லை.

கவுன்சலிங் வழியாகப் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் சட்டமான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. இவை நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. கவுன்சலிங் தொடங்கும் முன்னாடியே பயந்துபோய் அட்வான்ஸ் கட்டுகிற குடும்பம் பல நேரம் இழப்பது இதைத்தான்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு, மாணவிகள் என்றால் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்கள் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருவார்கள்.

இனி கல்விக் கடன். 7.5 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் தருவதற்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் உண்டு. படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதவீத வட்டியில் 10 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கடனுக்கு மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்டணும். 3 லட்சத்துக்கு 4,000-க்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ ரூம் வாடகையும் சாப்பாடும் போக, முதல் தவணையைக் கட்ட முடியுமா? இரண்டாவதைத்தான் கட்ட முடியும், முதலாவதைக் கட்டவே முடியாது என்பதுதான் நிஜம்: அதாவது 4,000 தாங்கும், 13,200 தாங்காது. அப்போது அந்தத் தவணை அப்பாவின் தலையில் விழும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

ஆன்லைன் பட்டம், வெளிநாட்டுப் பட்டம் எப்படி?

வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஆன்லைன் எம்பிஏ உதவும். யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் பல்கலைக்கழகத்துக்கும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும், அந்த ஆண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தணும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில், இங்குள்ள கல்வி நிறுவனமோ ஆப்போ ஆன்லைனில் தரும் பட்டங்களில், அங்கீகாரம் இல்லாதவை இருப்பதாக யுஜிசி-யே எச்சரித்திருக்கிறது.

நேரில் போய்ப் படிப்பது வேறு கணக்கு. அமெரிக்காவில் படிப்பு முடித்ததும் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு ஸ்டெம் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் என்ற ஒரே பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தின் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கலாம், இன்னொன்றில் இல்லாமல் போகலாம். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் படிப்பின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்ததும் நினைவில் இருக்கட்டும். பிரிட்டனிலும் படிப்புக்குப் பிந்தைய வேலைக் காலத்தை 2027 ஜனவரி முதல் இரண்டு வருஷத்தில் இருந்து 18 மாதமாகக் குறைக்க முடிவு செய்திருக்கிறார்கள். "அங்கே போய் வேலை பார்த்துக் கடனை அடைச்சிடலாம்" என்ற கணக்கு முன்பு போல இல்லை.

பிஎம்பி சான்றிதழ் எப்போது?

இந்தத் துறையில் உலகம் முழுக்க மதிக்கப்படுவது பிஎம்பி சான்றிதழ். 1969-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎம்ஐ அமைப்பு இதைத் தருகிறது. பட்டதாரி என்றால் ப்ராஜெக்டுகளை வழிநடத்திய 36 மாத அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். பட்டம் இல்லாதவருக்கு 60 மாத அனுபவம். அதாவது கல்லூரியில் இருந்து வெளியே வந்தவுடன் இதை எழுதவே முடியாது. "படிப்போட பிஎம்பி-யும் தர்றோம்" என்று யாராவது சொன்னால், அது பிஎம்பி பயிற்சியாக இருக்கலாமே தவிர பிஎம்பி ஆக இருக்காது.

அனுபவம் இல்லாதவர்களுக்கு அதே அமைப்பு சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் தருகிறது. பள்ளிப் படிப்பும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். கடைசி வருஷத்தில் எழுதலாம். அதற்கு முன் ஸ்வயம், என்பிடெல் தளங்களில் இலவசமாகப் பாடம் படிக்கலாம். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரி வழியாகத் திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன.

அப்போ, யாருக்கு எது சரி?

கணிதம், இயற்பியலில் நல்ல மார்க் இருந்தால், கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது ஐடி. ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்டை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு வருஷ வேலைக்குப் பிறகு எம்பிஏ அல்லது பிஎம்பி.

காமர்ஸ் குரூப் படித்தவர் என்றால் உள்ளூரில் பிசிஏ, அதன் பிறகு டான்செட் எழுதி இரண்டு வருஷ எம்சிஏ அல்லது எம்பிஏ. பிசிஏ-வில் கணிதம் கேட்கிறார்களா என்பதைக் கல்லூரியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பண நெருக்கடி அதிகம் என்றால் அரசுக் கலைக் கல்லூரியும் ஜோஹோ பள்ளி விண்ணப்பமும். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கும் உள்ளூர்க் கல்லூரியோடு ஐஐடி ஆன்லைன் பட்டம் ஒரு நல்ல வழி. தயக்கத்தால் படிப்பே நிற்பதை விட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. சேர்ந்த பிறகு மனசு மாறினாலும், வேற கல்லூரியில் சீட் கிடைத்தாலும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. கட்டிய பணத்தைத் திரும்பப் பெறவும் தேதி வாரியான விதிமுறை இருக்கிறது. எனவே பணம் கட்டும்போது ரசீதும், சான்றிதழைக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டும் கட்டாயம் வாங்குங்கள். "இன்னைக்கே கட்டுனாத்தான் சீட்" என்று போனில் அவசரப்படுத்தினால், "கவுன்சலிங் முடியட்டும், நேர்ல வந்து லேபைப் பார்த்துட்டுச் சொல்லுதோம்" என்று பதில் சொல்லுங்கள். அதற்குக் காத்திருக்க முடியாத கல்லூரி, நாலு வருஷம் உங்கள் பிள்ளைக்குப் பொறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.